மத்திய சட்டமா, மாநிலச் சட்டமா: ஓசூர் கம்பெனி பஸ்ஸில் நடந்ததற்கு எந்த வழி?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கா மகள் ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்டர் மூலம் வேலை செய்கிறாள். லைன் சூப்பர்வைசர் ஒருவர் கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அசிங்கமாகப் பேசுகிறார், ராத்திரி போனில் மெசேஜ் அனுப்புகிறார். அவள் ஒத்துக்கொள்ளாததால் லைனில் எல்லோர் முன்னாலும் கத்துகிறார், ஊர்ப் பெயரைக் கேட்டுச் சாதியையும் இழுக்கிறார். எச்ஆரிடம் போனால் மூன்று பதில்: நீ காண்ட்ராக்டர் ஆள், பஸ்ஸில் நடந்தது கேட்டுக்கு வெளியே நடந்தது, போலீசுக்குப் போனால் நாங்கள் விசாரிக்க மாட்டோம். கடைசியாக நடந்து 2 மாதம் ஆகிறது. இது டெல்லி போட்ட சட்டத்தில் வருமா, தமிழ்நாட்டுச் சட்டத்தில் வருமா, இரண்டில் எது பெரியது என்பது அவர் கேள்வி.

நான் தர்மபுரியில் வக்கீல். இந்தப் பகுதிக் கம்பெனிகள் சிலவற்றின் உள்ளகக் குழுவில், அதாவது பாலியல் புகாரை விசாரிக்கக் கம்பெனிக்குள்ளேயே அமைக்கிற குழுவில், வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

எது பெரியது என்று கேட்க ஆரம்பித்தால் நாள் போய்விடும், அதைத்தான் எதிர்த்தரப்பு விரும்பும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், எல்லோரும் போஷ் சட்டம் என்கிறார்களே அது, பாராளுமன்றம் போட்டது. அதன் 28ஆவது பிரிவு, இந்தச் சட்டம் மற்றச் சட்டங்களோடு கூடுதலாக நிற்கிறது, எதையும் குறைக்கவில்லை என்கிறது. ஆகவே கம்பெனிக் குழுவில் ஒரு புகார், அதே சம்பவத்துக்குக் காவல் நிலையத்தில் ஒரு புகார், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம். இன்னும் ஒரு படி மேலே, அந்தப் பெண் போலீசில் புகார் கொடுக்க விரும்பினால் அதற்கு உதவி செய்வது முதலாளியின் கடமை என்று 19ஆவது பிரிவில் இருக்கிறது. போலீசுக்குப் போனால் விசாரிக்க மாட்டோம் என்ற அந்த மூன்றாவது பதில் சட்டத்துக்கு நேர் எதிரானது.

ஆனால் முதலில் தேதியைப் பாருங்கள். போஷ் சட்டத்தில் புகார் கொடுக்கக் கெடு, கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். கொடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் சரியாக இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம், அதை எழுத்தில் பதிவு செய்து நீட்ட வேண்டும். உங்கள் அக்கா மகளுக்கு இன்னும் ஒரு மாதம்தான் கையில் இருக்கிறது. நீட்டிப்பை நம்பி உட்கார வேண்டாம். குற்ற வழக்கில் கெடு வேறு: ஒரு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஒரு வருடம், மூன்று வருடம் வரை தண்டனை உள்ளதற்கு மூன்று வருடம். அதனால் போலீஸ் வழி உடனே மூடிப்போகாது, குழுவின் கதவு சீக்கிரம் மூடும். எந்தச் சட்டம் என்று யோசித்து யோசித்தே 3 மாதத்தைத் தாண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாமல் கை பிசைந்திருக்கிறேன்.

சரி, எச்ஆர் சொன்ன மற்ற இரண்டுக்கு வருவோம். காண்ட்ராக்டர் ஆள் என்பது பொருந்தவே பொருந்தாது. இந்தச் சட்டத்தில் பணியாளர் என்றால் நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, பயிற்சியாளர், காண்ட்ராக்டர் வழியாக வந்தவர் எல்லோரும் அடக்கம். முதன்மை முதலாளிக்கு, அதாவது வேலை வாங்குகிற கம்பெனிக்கு, தெரிந்து வைத்தாலும் தெரியாமல் வைத்தாலும் அப்படித்தான். சம்பளச் சீட்டில் காண்ட்ராக்டர் பெயர் இருப்பதால் அவள் யாரோ ஆகிவிட மாட்டாள். சூப்பர்வைசர் கம்பெனி ஆளாக இருந்து அவள் காண்ட்ராக்டர் ஆளாக இருந்தால் எந்தக் குழு என்ற குழப்பத்தையும் கிளப்புவார்கள். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் வேறு துறையில் வேலை செய்தாலும் பாதிக்கப்பட்ட பெண்ணின் பணியிடத்துக் குழு விசாரிக்கலாம் என்று சொல்லிவிட்டது. அது அரசு ஊழியர் வழக்கு, ஆனாலும் அந்தத் தர்க்கத்தை எடுத்துக் காட்டலாம்.

பஸ் விஷயம். வேலை நிமித்தமாகப் போகிற இடம், முதலாளி ஏற்பாடு செய்த வண்டி, இரண்டும் பணியிடம் என்று சட்டத்தின் சொற்பொருள் பகுதியிலேயே இருக்கிறது. நம் பக்கம் இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் என்று ரோட்டோரமாகச் சாப்பாட்டுப் பையோடு பெண் பிள்ளைகள் நிற்பார்கள், கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தைப் பணியிடம் இல்லை என்று விட்டுவிட்டால் இந்தச் சட்டத்தில் பாதி போச்சு. பஸ் வந்த கதையிலும் சட்டம் இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டம் மத்திய அரசின் 1948ஆம் ஆண்டுச் சட்டம், அது பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்து வைத்திருந்தது. அந்தத் தடையை 2000 டிசம்பரில் நீக்கியது நம் சென்னை உயர் நீதிமன்றம். நீக்கும்போதே போக்குவரத்து, பாதுகாப்பு, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு என்று நிபந்தனைகளைச் சேர்த்துத்தான் நீக்கியது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கிற புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பும் இருந்தால்தான் இரவு வேலை. ஆக பஸ் என்பது கம்பெனி மனமிரங்கிக் கொடுத்த வசதி இல்லை.

பணியிடம் என்பது நான்கு சுவருக்குள் மட்டும் இல்லை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நல்லது. 1992இல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி, மாநில அரசின் திட்டத்தில் கிராமப் பணியாளர், ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டாக வன்புணர்வு செய்யப்பட்டார். அவருக்கு ஆபீஸ் கிடையாது, கேட் கிடையாது, ஊர்தான் வேலை செய்யும் இடம். அந்தக் கொடுமையை ஒட்டித் தொடரப்பட்ட விசாகா வழக்கில் 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளைப் போட்டது. சட்டமாக வர 16 வருடம் ஆனது. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க ஊர் ஊராகப் போகிற பெண் பணியாளர்கள் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மலைக் கிராமங்களிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் அதே சட்டம்தான்.

இனி மாநிலம் எங்கே வருகிறது. முதலாவது, போஷ் சட்டத்தை எழுதியது பாராளுமன்றம், ஆனால் தனியார் கம்பெனியைப் பொறுத்தவரை அதை நடத்த வேண்டியது மாநில அரசு. மாவட்ட அதிகாரியை அறிவிப்பது மாநில அரசு, அந்த அதிகாரி உள்ளூர்க் குழுவை அமைக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான இடம், அல்லது முதலாளி மேலேயே புகார், இரண்டுக்கும் உள்ளூர்க் குழு. மாங்கூழ் சீசனில் நாலைந்து பேரை வைத்து வேலை வாங்குகிற ஷெட், புளி தட்டுகிற களம், ஒரு டாக்டர் ஒரு நர்ஸ் இருக்கிற கிளினிக், வீட்டு வேலை, எல்லாம் அங்கேதான் போகும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் போய் உள்ளூர்ப் புகார் குழு என்று கேளுங்கள், அது கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். இந்தக் குழுக்கள் நாடு முழுக்கப் பெயரளவில்தான் இருக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் கோவா வழக்கு ஒன்றில் வருத்தப்பட்டு, 2024 டிசம்பர் 3ஆம் தேதி போட்ட உத்தரவில், கெடு வைத்து எல்லா மாநிலத்தையும் அமைக்கச் சொன்னது. மத்தியச் சட்டம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் கலெக்டர் ஆபீசில் ஒரு மேசையும் ஒரு பொறுப்பான அம்மாவும் இல்லை என்றால் அது காகிதம்தான், இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

இரண்டாவது, தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம். 1998ஆம் ஆண்டின் பெண்களைத் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். முதலில் ஈவ் டீசிங் தடுப்புச் சட்டம் என்ற பெயரில் வந்தது, 2002இல் பெயரையும் மாற்றித் தண்டனையையும் கூட்டினார்கள், 2025 ஜனவரியில் தண்டனையை மேலும் கடுமையாக்க சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. பஸ், பஸ் ஸ்டாப், ரோடு, கோயில், தியேட்டர் என்று எந்த இடமானாலும் ஒரு பெண்ணுக்குப் பயமோ அவமானமோ கூச்சமோ வரும்படி ஒரு ஆண் நடந்துகொண்டால் அது குற்றம். போஷ் சட்டம் வேலை உறவைப் பார்க்கிறது. இந்த மாநிலச் சட்டம் அதைப் பார்ப்பதே இல்லை, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவன் சூப்பர்வைசரா வழிப்போக்கனா என்று கேட்காது. இதற்குப் போக வேண்டியது போலீஸ் ஸ்டேஷன். கூடவே மத்தியக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 75ஆவது பிரிவு பாலியல் துன்புறுத்தலுக்கு, 78 பின்தொடர்வதற்கு, வேண்டாம் என்ற பிறகும் திரும்பத் திரும்ப மெசேஜ் அனுப்புவது இதில் வரும், 79 பெண்ணின் மானத்தைக் குலைக்கும் சொல்லுக்கும் சைகைக்கும். ஒரே எப்ஐஆரில் மத்தியப் பிரிவும் மாநிலப் பிரிவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், தினமும் பார்க்கிற காட்சிதான் இது.

அப்படியானால் எப்போதுதான் முட்டிக்கொள்ளும்? தொழிலாளர் நலனும் குற்றச் சட்டமும் அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கின்றன, இரண்டு அரசும் சட்டம் போடலாம். ஒன்றைக் கடைப்பிடித்தால் இன்னொன்றை மீற வேண்டிவரும் என்கிற அளவுக்கு முரண் வந்தால் 254ஆவது பிரிவின்படி மத்தியச் சட்டம் நிற்கும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கியிருந்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டம் நிற்கும். உங்கள் அக்கா மகள் விஷயத்தில் அப்படி எந்த முரணும் இல்லை. ஒன்று வேலையிடத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கு, ஒன்று தண்டனைக்கு. நோக்கமே வேறு.

முரண் இல்லாமல், ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் நிரப்புவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது. இதற்கு என் வாழ்க்கையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்து கல்லூரி சேர்வதற்கு முன் எட்டு மாதம் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை, சாப்பாட்டு நேரம் தவிர உட்காரக் கூடாது. ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் புடவைக் கட்டின் மேல் லேசாகச் சாய்ந்தால் மேனேஜர் மாடியிலிருந்து சொடக்குப் போடுவார், பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார். தீபாவளி வாரத்தில் கொலுசைக் கழற்றினால் கணுக்காலில் சதையில் பதிந்த வட்டம் காலைவரை மறையாது. என் பக்கத்தில் நின்ற அக்காவுக்கு அது ஐந்தாவது மாதம், அவர் கழுவுமிடத்துக்குப் போய்ச் சுவரில் முதுகை வைத்து இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வருவார். அதற்கும் சொடக்கு. அந்தக் காலத்தில் இதற்குக் கேட்க ஒரு சட்டம் இல்லை. தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948 மத்தியச் சட்டத்திலேயே இருந்தது, ஆனால் கடை என்பது தொழிற்சாலை இல்லை, கடைகளுக்கு மாநிலத்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டம், அதில் அந்த வரி இல்லை. கேரளா 2018இல் சேர்த்தது. தமிழ்நாடு 2021இல் தன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்றது. தர்மபுரி கடை வீதியில் அந்த வருடம் முதல் முறையாக கவுன்டருக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூல் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஸ்டூல் இருந்தும் உட்காரவிடாத கடைகள் இன்றைக்கும் இருக்கின்றன, அங்கே தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உங்கள் கேள்வியில் கத்துகிறார் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நேரான தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. மேலதிகாரி மரியாதையில்லாமல் நடத்துவதற்கு, மட்டம் தட்டுவதற்கு, என்று ஒரு மத்தியச் சட்டமும் இல்லை, தமிழ்நாட்டுச் சட்டமும் இல்லை. அதனால் கத்தலை எதோடு கோர்ப்பது என்று பார்க்க வேண்டும். இங்கே அவள் மறுத்த பிறகு கத்தல் ஆரம்பித்தது. போஷ் சட்டத்தின் 3ஆவது பிரிவு, வேலையைக் கெடுப்பேன் என்ற மிரட்டல், பகைமையான சூழல், உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்கும்படி அவமானப்படுத்துவது, எல்லாவற்றையும் பாலியல் நடத்தையோடு சேர்ந்து வந்தால் துன்புறுத்தலாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் புகாரில் கத்தலைத் தனியாக எழுதாதீர்கள். இந்தத் தேதியில் பஸ்ஸில் இப்படிப் பேசினார், இந்தத் தேதியில் வேண்டாம் என்று சொன்னேன், அதற்கு மறுநாளிலிருந்து இப்படிக் கத்துகிறார் என்று வரிசையாக எழுதுங்கள். நான் நல்ல எண்ணத்தில்தான் பேசினேன் என்று அந்த ஆள் சொல்வார். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், செய்தவரின் நோக்கம் முக்கியமில்லை, அந்தப் பெண்ணுக்கு அது எப்படிப் பட்டது என்பதே முக்கியம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. குழுவின் முன் அதைச் சொல்லலாம்.

சாதி. நம் இரண்டு மாவட்டத்திலும் எந்த ஊர் என்று கேட்பதோடு நிற்க மாட்டார்கள், ஊரா காலனியா என்று அடுத்த கேள்வி வரும், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். உங்கள் அக்கா மகள் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்து, மற்றவர்கள் பார்க்கும்படியான இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் அது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். பொதுப் பார்வை என்பது முக்கியம். நான்கு சுவருக்குள், பொதுமக்கள் யாரும் இல்லாத இடத்தில் சொன்னது வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. லைனில் எல்லோர் முன்னாலும் சொன்னது வேறு, யார் யார் நின்றார்கள் என்று பெயர் எழுதிவையுங்கள். சட்டம் மத்திய அரசுடையது, விசாரிப்பது நம் டிஎஸ்பி, நிவாரணத் தொகை வழங்குவது மாவட்ட நிர்வாகம். இந்தப் பகுதியை உள்ளகக் குழு தீர்க்க முடியாது. அதைக் காவல் நிலையத்தில்தான் கொடுக்க வேண்டும்.

எல்லைப் பிரச்சினையும் ஒன்று இருக்கிறது, ஓசூரில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பார்கள். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பாகலூரில் குடியிருந்து ஜிகணியிலோ பொம்மசந்திராவிலோ வேலைக்குப் போகிற பெண்ணுக்கு என்ன ஆகும்? போஷ் சட்டமும் நியாய சன்ஹிதாவும் அவளோடு கூடவே எல்லையைத் தாண்டும். தமிழ்நாட்டின் 1998 சட்டமும் கடைச் சட்டமும் எல்லையில் நின்றுவிடும், அங்கே கர்நாடகத்தின் கடைச் சட்டம். உள்ளூர்க் குழு என்றால் வேலை செய்யும் மாவட்டத்தின் குழு, அதாவது பெங்களூரு நகர்ப்புற மாவட்டம். ஆனால் எப்ஐஆரை எந்த மாநிலக் காவல் நிலையத்திலும் பதியச் சொல்லலாம், எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. உங்களுக்கும் இதே கணக்குதான்: வீடு பாலக்கோட்டில், தர்மபுரி மாவட்டம். கம்பெனி ஓசூரில், கிருஷ்ணகிரி மாவட்டம். 2004இல் பிரிந்த பிறகு கலெக்டர் வேறு, குழுவும் வேறு. உள்ளூர்க் குழுவுக்குப் போகும் நிலை வந்தால் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, பேசி முடித்துக்கொள்ளலாம் என்று காண்ட்ராக்டர் வீட்டுக்கு வருவார். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டி வருவார். சட்டத்தில் சமரசம் உண்டு, ஆனால் அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டும், அதுவும் பணத்தை அடிப்படையாக வைத்துச் செய்யக் கூடாது. மாமா என்ற முறையில் நீங்களும் அவளுக்குப் பதிலாகச் சரி சொல்லிவிடாதீர்கள்.

புகாரை 6 பிரதிகள் எடுத்து உள்ளகக் குழுத் தலைவரிடம் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு. பணியிடப் பாலியல் புகாருக்கான மத்திய அரசின் ஷீ பாக்ஸ் இணையதளத்திலும் பதியலாம். தமிழில் எழுதினால் போதும். எழுத முடியாவிட்டால் எழுத உதவுவது குழுத் தலைவரின் கடமை. அவளால் போக முடியாத நிலை என்றால் அவள் எழுத்தில் சம்மதம் கொடுத்து விவரம் தெரிந்த நீங்கள் கொடுக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அந்த சூப்பர்வைசரையோ, அவள் விரும்பினால் அவளையோ வேறு லைனுக்கு மாற்றவும், 3 மாதம் வரை விடுப்புத் தரவும் குழு பரிந்துரைக்கலாம், இதைப் புகாரிலேயே கேட்டுவிடுங்கள். நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அவள் மேல் பொய்ப் புகார் நடவடிக்கை எடுக்க முடியாது என்பதும் 14ஆவது பிரிவில் தெளிவாக இருக்கிறது, அவளுக்கு இருக்கிற பயத்தில் பாதி இதுவாகத்தான் இருக்கும். குழுவின் முன் யாரும் வக்கீல் வைக்க முடியாது, கம்பெனியும் வைக்க முடியாது. வெளியே ஆலோசனைக்கு வக்கீல் வேண்டுமானால் வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசம், நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

மெசேஜ்களை அழிக்க வேண்டாம் என்று இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள். பஸ் நம்பரையும் ஷிப்ட் தேதிகளையும், அன்றைக்குப் பக்கத்து சீட்டில் இருந்த பிள்ளைகளின் பெயரையும் அவள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். கையில் இருக்கிற அந்த ஒரு மாதம் முடிவதற்குள் அந்த நோட்டை வைத்துத்தான் புகார் எழுத வேண்டும்.